எட்டு மணித் தண்ணீரும் மூன்று மணித் தண்ணீரும்: கழிவுநீர் சாம்பிள் பற்றி வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஈ.டி.பி. (ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்) ஆபரேட்டர்களின் வேலையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: ஆலையிலிருந்து வெளியே போகும் தண்ணீரில் சாம்பிளை எங்கே, எப்போது, எந்தப் பாட்டிலில் எடுப்பது? பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேப்பில் பல வருடங்கள் கழிவுநீர் பாட்டில்களைத் திறந்து பார்த்தவள் நான். எத்தனை லட்ச ரூபாய்க் கருவி வைத்திருந்தாலும், பாட்டிலுக்குள் என்ன வந்து சேர்ந்ததோ அதைத்தான் அது அளக்கும். பாதி ரிப்போர்ட்டுகள் லேப்புக்கு வருவதற்கு முன்பே கெட்டுப்போயிருக்கும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பலர் பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: மேடம், பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு பிளேட்டிங் (உலோகப் பூச்சு) யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மாதம் ஒருமுறை காலை எட்டு மணிக்கு ஈ.டி.பி. அவுட்லெட்டில் ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து வைத்துவிடுவோம். லேப் பையன் வரும்போது எடுத்துப் போவான். ரிப்போர்ட் எப்போதும் நன்றாகவே வரும். போன மாதம் மாசுக் கட்டுப்பாட்டு போர்டு அதிகாரி மதியம் மூன்று மணிக்கு வந்து எடுத்த சாம்பிளில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியமும் (குரோமியத்தின் நச்சு அதிகமான வகை) நிக்கலும் லிமிட்டைத் தாண்டிவிட்டன. முதலாளி என்னைத் திட்டுகிறார். இரண்டில் எந்த லேப் தப்பு?
(பீன்யா வாசகர்)

பதில்: இரண்டு லேப்பும் சரியாகவே அளந்திருக்கலாம். எட்டு மணிக்கு உங்கள் அவுட்லெட்டில் இருப்பது ராத்திரி முழுக்க டேங்கில் அசையாமல் நின்று தெளிந்த தண்ணீர். குரோமியம், நிக்கல் ஹைட்ராக்சைடுகள் எல்லாம் அடியில் படிந்து, மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். மதியம் மூன்று மணிக்கு ரின்ஸ் டேங்குகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவேளை அன்றைக்குப் பழைய பாத் (பூச்சுக் கரைசல்) ஒன்றைக் காலி செய்திருப்பீர்கள். ஈ.டி.பி.க்கு உண்மையான சுமை வருவது அப்போதுதான். அந்த நேரத்துத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று உங்கள் மாதாந்திர ரிப்போர்ட் ஒருநாளும் பார்த்ததே இல்லை.

ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்கான சுத்திகரிப்பு இரண்டு படி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் ஆசிட் விட்டு பி.ஹெச்.சை (அமில, காரத் தன்மையின் அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் இறக்கி, பைசல்ஃபைட் போட்டு அதை நச்சு குறைந்த டிரைவேலன்ட் வகையாக மாற்ற வேண்டும். மஞ்சள் போய் பச்சை வரும். அப்புறம் சுண்ணாம்போ காஸ்டிக்கோ விட்டு பி.ஹெச்.சை 8, 9 என்று ஏற்றினால் அது படியும். சுமை கூடும் நேரத்தில் பைசல்ஃபைட் போதாமல் போனாலோ, ஆசிட் படியில் பி.ஹெச். 4, 5 என்று நின்றுவிட்டாலோ, மாறாத குரோமியம் இரண்டாவது படியில் படியாமல் அப்படியே வெளியே போய்விடும். சுண்ணாம்பை எவ்வளவு கொட்டினாலும் ஹெக்ஸாவேலன்ட் படியாது. நிக்கல் வேறு மாதிரி. அது நன்றாகப் படிய குரோமியத்தைவிடக் கூடுதல் பி.ஹெச். வேண்டும். மூன்று மணிச் சாம்பிளில் இரண்டும் சேர்ந்து தாண்டியிருப்பதால் இரண்டு படிகளிலும் டோசிங் பின்தங்கியிருக்கும் என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அதிகம் கவலை தருவது அதுதான். அந்தக் கேன். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கேனில் அப்படியே காத்துக்கொண்டிருக்காது. தண்ணீரில் மிச்சமிருக்கும் பைசல்ஃபைட்டும் கரிமப் பொருளும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக டிரைவேலன்ட்டாக மாற்றிக்கொண்டே இருக்கும். நாளைக்கோ மறுநாளோ லேப்பில் அளந்தால், அவுட்லெட்டில் இருந்ததைவிடக் குறைவாகக் காட்டும். நிக்கலுக்கும் அதே கதி. ஆசிட் விடாத சாம்பிளில் உலோகம் கேனின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடியில் படியும். ஆக, உங்கள் முறையில் இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சாய்கின்றன: நல்ல ரிப்போர்ட் பக்கம். அதை நம்பித்தான் இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள்.

சரியான முறை இது. நிக்கல், துத்தநாகம், மொத்த குரோமியத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். அதில் நைட்ரிக் ஆசிட் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே வர வேண்டும். அப்படி வைத்தால் ஆறு மாதம்கூடத் தாங்கும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்துக்குத் தனிப் பாட்டில். அதில் நைட்ரிக் ஆசிட் ஒரு சொட்டும் விழக்கூடாது, விழுந்தால் அது இன்னும் வேகமாக மாறிவிடும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளக்கச் சொல்லுங்கள். சயனைடு பாத் இருந்தால் அதற்கு மூன்றாவது பாட்டில். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பி.ஹெச். 12-க்கு மேல் ஏற்ற வேண்டும். சயனைடு சாம்பிளில் தவறியும் ஆசிட் விடாதீர்கள். ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், அது ஆளைக் கொல்லும்.

தகர வாளியில் தண்ணீர் மொண்டு பாட்டிலில் ஊற்றும் பழக்கம் உங்கள் பக்கம் நிறைய இருக்கிறது. கால்வனைஸ்டு வாளியின் பூச்சே துத்தநாகம்தான். துத்தநாகத்தை அளக்கப் போகும் தண்ணீரைத் துத்தநாகப் பாத்திரத்தில் மொள்ளாதீர்கள். பவுடர் போட்ட கையுறையும் வேண்டாம், சில பவுடர்களில் துத்தநாகம் உண்டு.

இந்திய பொதுத் தரத்தின்படி ஆறு, ஏரி, கால்வாயில் விடும் தண்ணீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், மொத்த குரோமியம் 2, நிக்கல் 3, துத்தநாகம் 5, சயனைடு 0.2. போர்டு தரும் அனுமதியான உங்கள் கன்சென்ட் கடிதத்தில் இதைவிடக் கடுமையாகப் போட்டிருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம். அந்தக் கடிதத்தை முதலாளியின் பீரோவிலிருந்து வாங்கி ஒரு நகல் எடுத்து ஈ.டி.பி. அறையில் ஒட்டி வையுங்கள். முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அடுத்த மாதம் முதல் சுமை அதிகமாக இருக்கும் நேரத்திலும் ஒரு சாம்பிள் எடுக்க அனுமதி. பீன்யாவின் நிலத்தடி நீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இந்தப் பக்கத்துக் கால்வாய்த் தண்ணீர் விருஷபாவதியில் கலந்து, பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதிக்குப் போய், சங்கமத்தில் காவிரியில் சேர்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல், மேட்டூர். நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் குடிக்கும் தண்ணீர் அது.

கேள்வி: சாம்பிள் எடுக்கும் முன் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும் என்று படித்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அப்படித்தானா?
(ஒயிட்ஃபீல்டு வாசகி)

பதில்: எல்லாவற்றுக்கும் இல்லை. சி.ஓ.டி., பி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள அழுக்கை எரிக்கவும், கிருமிகள் அதைத் தின்னவும் செலவாகும் ஆக்சிஜனின் அளவுகள்), டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) போன்றவற்றுக்கு அலசலாம். எண்ணெய், கிரீஸ் பார்க்கும் பாட்டிலை அலசவே கூடாது. எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் ஊற்றி எறியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் தங்கி, கடைசியில் அளவு கூடிவிடும். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் நேராக ஒரே தடவையில் பிடித்து, ஆசிட் விட்டு அனுப்புங்கள். லேப்பில் அந்தப் பாட்டில் முழுவதையும் பயன்படுத்துவார்கள், பாட்டிலையும் சால்வென்ட்டால் கழுவி அதையும் சேர்த்துக்கொள்வார்கள். கோலிஃபார்ம் கிருமிச் சோதனைக்கான பாட்டிலும் அலசக்கூடாது, அது ஸ்டெரைல் செய்தது. லேப்பிலிருந்தே ஆசிட் விட்டு வந்த பாட்டிலை அலசினால் ஆசிட் போய்விடும், கையும் வெந்துபோகும்.

கேள்வி: அக்கா, நான் டிப்ளமோ முடித்து பொம்மசந்திராவில் ஒரு பால் பொருள் தொழிற்சாலையில் ஈ.டி.பி.யில் சேர்ந்திருக்கிறேன். கன்சென்ட்டில் காம்போசிட் சாம்பிள் (பல நேரத்துத் தண்ணீரைக் கலந்தது) என்று இருக்கிறது. சீனியர் ஆபரேட்டர் காலை, மதியம், சாயங்காலம், ராத்திரி என்று நான்கு முறை தண்ணீர் எடுத்து சம அளவில் கலந்து அனுப்புகிறார். அது சரியா?
(தர்மபுரியிலிருந்து வந்த தம்பி)

பதில்: நான்கு முறை எடுப்பது நல்ல பழக்கம் தம்பி. சம அளவில் கலப்பதில்தான் சிக்கல். தண்ணீர் எல்லா நேரமும் ஒரே அளவில் ஓடினால் அது சரி. பால் தொழிற்சாலையில் அப்படி ஓடாது. ஷிஃப்ட் முடிந்து பைப்பும் டேங்கும் கழுவும்போது ஒரே பாய்ச்சலாக வரும், ராத்திரியில் சொட்டும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், நோட்டில் எழுதிக்கொள். நான்கு நேரங்களில் ஓட்டம் மணிக்கு 20, 10, 5, 5 கிலோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்தந்த நேரத்துத் தண்ணீரின் சி.ஓ.டி. 400, 180, 120, 100. சம அளவில் கலந்தால் சராசரி 200 வரும். லிமிட் 250 என்றால் பாஸ். இப்போது ஓட்டத்தையும் சேர்த்துப் பார். 20 தடவை 400 என்றால் 8000. 10 தடவை 180 என்றால் 1800. மீதி இரண்டும் 600, 500. மொத்தம் 10,900. அதை மொத்த ஓட்டமான 40-ஆல் வகுத்தால் 272.5. ஃபெயில். தண்ணீர் ஒன்றே, லேப் ஒன்றே. கலந்த விதம் மட்டும் வேறு. கால்வாயில் உண்மையில் போனது 272 உள்ள தண்ணீர்தான், ஏனென்றால் அந்த 400 உள்ள தண்ணீர்தான் பாதிக்குப் பாதி ஓடியிருக்கிறது.

அதனால் கலக்கும் அளவு ஓட்டத்தின் விகிதத்தில் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் காம்போசிட் வேண்டுமென்றால், மேலே சொன்ன கணக்கில் முதல் நேரத்துத் தண்ணீர் 1000 மில்லி, இரண்டாவது 500, மூன்றாவது 250, நான்காவது 250. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் ஃப்ளோ மீட்டர் எண்ணை எழுதி வை. மீட்டர் இல்லையென்றால் வி-நாட்ச்சில் (கால்வாயில் வைக்கும் V வடிவத் தடுப்பு) தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளந்து சார்ட்டில் பார்க்கலாம். நான்கு முறை என்பதுகூடக் குறைவுதான். கழுவும் நேரம் உங்கள் நான்கு நேரத்துக்கும் இடையில் விழுந்துவிட்டால் மொத்தக் கணக்கும் தவறிவிடும். மணிக்கு ஒருமுறை எடுக்க முடிந்தால் எடு. முதல் பாட்டில் எடுத்த நிமிடத்திலிருந்து கலக்கும் வரை எல்லாமே ஐஸில் இருக்க வேண்டும். பால் கலந்த தண்ணீர் வெளியே நின்றால் கிருமிகள் அதைத் தின்னத் தொடங்கிவிடும், மாலைக்குள் பி.ஓ.டி. குறைந்துவிடும். பி.ஓ.டி. சாம்பிளுக்கு ஆசிட் விடக்கூடாது, குளிர்ச்சி மட்டும்தான். ஆறு மணி நேரத்துக்குள் லேப்பில் தொடங்கினால் மிக நல்லது, 48 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. சி.ஓ.டி.க்கு சல்ஃபூரிக் ஆசிட் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே கொண்டுவந்தால் 28 நாள் வரை தாங்கும்.

காம்போசிட்டில் சேர்க்கவே கூடாதவை சில உண்டு. பி.ஹெச். அதில் முதலாவது. உங்கள் ஆலையில் பைப் கழுவ முதலில் காஸ்டிக் போகும், அப்புறம் ஆசிட் போகும். ஒரு நேரம் பி.ஹெச். 11, இன்னொரு நேரம் 3. இரண்டையும் ஒரே பாட்டிலில் கலந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கி 7-க்குப் பக்கத்தில் அழகாக வந்து நிற்கும். கால்வாயில் இருந்த மீனுக்கு அந்த 7 கிடைக்கவில்லை. பி.ஹெச்., வெப்பநிலை, மிச்ச குளோரின் மூன்றையும் அவுட்லெட்டிலேயே, எடுத்த கையோடு அளந்துவிட வேண்டும். எண்ணெய், சயனைடு, சல்ஃபைடு, கோலிஃபார்ம் எல்லாம் தனித்தனி கிராப் சாம்பிளாக (ஒரே நேரத்தில் எடுத்தது) போக வேண்டும்.

எடுக்கும் இடத்தையும் பார்த்துக்கொள். தண்ணீர் நன்றாகக் கலந்து ஓடும் இடம், கால்வாயின் நடு, ஆழத்தில் பாதி. மேலே மிதக்கும் நுரையை மட்டும் மொண்டால் எண்ணெய் கூடும், அடியைத் தொட்டால் சேறு கலங்கி திடப்பொருள் கூடும். சுவர் ஓரத்தில் பாசி இருக்கும், அதையும் சுரண்டிவிடாதே. சீனியரிடம் மரியாதையாகவே சொல். கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார், இத்தனை வருடம் நான்கு முறை எழுந்து போய் எடுத்த மனிதர் அவர்.

கேள்வி: என் மகன் ஜிகணியில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறான். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஏணியில் இறங்கி பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொன்னான். மூக்கைத் துணியால் கட்டிக்கொள்கிறேன், பயப்படாதே என்கிறான். எனக்கு நெஞ்சு பதறுகிறது. நீங்கள் சொன்னால் கேட்பான்.
(ஒரு தாய், அல்சூர்)

பதில்: அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானது. இந்தப் பதிலை அவனிடம் இன்றைக்கே காட்டுங்கள்.

தம்பி, இறங்காதே. மூடிய தொட்டியில் தேங்கிய கழிவுநீரிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, இனி பரவாயில்லை என்று நினைக்கும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்து. துணி எந்த வாயுவையும் தடுக்காது, தொட்டிக்குள் ஆக்சிஜன் குறைந்திருந்தால் அதையும் துணியால் கொண்டுவர முடியாது. ஈ.டி.பி. தொட்டியில் ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சாகிறார்கள். ஒவ்வொரு வருடமும் நாம் பேப்பரில் படிப்பது இதைத்தான். யாராவது விழுந்தால் உள்ளே குதிக்காதே. கத்து, ஆள் கூப்பிடு, 112-க்கு போன் செய்.

சாம்பிள் எடுக்க இறங்க வேண்டிய அவசியமே கிடையாது. நீளமான கம்பின் நுனியில் பாட்டிலைக் கட்டும் கிளாம்ப் ஒன்றை எந்த ஃபேப்ரிகேஷன் கடையிலும் செய்து தருவார்கள். இல்லையென்றால் கயிற்றில் கட்டிய எடையுள்ள பாட்டில். அதைவிட நல்லது, அவுட்லெட் பைப்பில் ஒரு சாம்பிளிங் வால்வு வைத்துவிடுவது. கம்பெனியிடம் எழுத்தில் கேள். ஒரு வால்வின் விலையைச் சொல்லி மறுக்கும் கம்பெனியில் நீ வேலை செய்ய வேண்டாம். உன் அம்மா சார்பில் நான் சொல்கிறேன்.

ஆசிட் விடும்போது கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். திறந்த இடத்தில் நின்று செய். சல்ஃபைடு உள்ள தண்ணீரில் ஆசிட் விழுந்தால் அதே வாயு உன் முகத்துக்கு நேராகக் கிளம்பும்.

கேள்வி: சர்ஜாபூர் ரோடில் எங்கள் அபார்ட்மென்ட்டின் எஸ்.டி.பி. (வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட்) தண்ணீரை டெஸ்ட்டுக்கு அனுப்ப வேண்டும். செக்யூரிட்டி தோட்டக் குழாயில் பிடித்துக் கொடுக்கிறார். போதுமா?
(அசோசியேஷன் செயலாளர்)

பதில்: தோட்டக் குழாய் வேண்டாம் சார். அந்தப் பைப்பில் எத்தனை நாள் தண்ணீர் நின்றதோ தெரியாது. சுத்திகரித்த தண்ணீர் டேங்குக்குள் விழும் இடத்தில், குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். கோலிஃபார்முக்கு லேப் தரும் ஸ்டெரைல் பாட்டிலில் தயோசல்ஃபேட் இருக்க வேண்டும். குளோரினை அது முறிக்காவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே கிருமிகள் செத்துக்கொண்டிருக்கும், தண்ணீர் உண்மையில் இருந்ததைவிடச் சுத்தமாகத் தெரியும். மேலே ஓர் அங்குலம் காலி விடுங்கள், மூடியின் உள்பக்கத்தைத் தொட வேண்டாம். குளோரின் போட்ட தண்ணீர் என்று படிவத்தில் எழுதுங்கள், பி.ஓ.டி. போடுபவர் குளோரினை நீக்கிவிட்டு, விதைக் கிருமி சேர்க்க வேண்டியிருக்கும். செக்யூரிட்டியிடம் விடாமல் எஸ்.டி.பி. ஆபரேட்டரே எடுக்கட்டும். அதே தண்ணீரில்தான் குழந்தைகள் விளையாடும் புல்லுக்கு ஸ்பிரிங்ளர் ஓடுகிறது.

கேள்வி: எங்கள் லேப் ரிப்போர்ட்டில் பி.ஓ.டி. 62, சி.ஓ.டி. 48 என்று வந்திருக்கிறது. இது சாத்தியமா? மூன்று மாதமாக சஸ்பெண்டட் சாலிட்ஸ் (கரையாமல் மிதக்கும் திடப்பொருள்) 36 என்றே வருகிறது.
(எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

பதில்: கவனித்ததற்கு நன்றி. பெரும்பாலானவர்கள் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் முடிவை மட்டும் பார்த்துவிட்டு ஃபைலில் போட்டுவிடுகிறார்கள்.

கிருமிகள் தின்னக்கூடியதை மட்டும் அளப்பது பி.ஓ.டி. டைக்ரோமேட் ஆசிட்டில் கொதிக்கவைத்து ஏறக்குறைய எல்லாவற்றையும் எரித்து அளப்பது சி.ஓ.டி. எனவே சி.ஓ.டி.தான் பெரிதாக இருக்க வேண்டும். அம்மோனியா அதிகமுள்ள, நன்றாகச் சுத்திகரித்த தண்ணீரில் நைட்ரிஃபிகேஷன் கிருமிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு பி.ஓ.டி.யை ஏற்றிவிடும், அது ஒரு விதிவிலக்கு. அப்படி எதுவும் இல்லையென்றால் இந்த ரிப்போர்ட்டை லேப்புக்குத் திருப்பி அனுப்புங்கள், மூல நோட்டுப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தேதிகளையும் பாருங்கள். நம் நாட்டில் பி.ஓ.டி. 27 டிகிரியில் மூன்று நாள் இன்குபேட்டரில் வைத்து அளப்பது. திங்கட்கிழமை எடுத்த சாம்பிளுக்குப் புதன்கிழமை பி.ஓ.டி. ரிப்போர்ட் வந்தால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் "கண்டறியப்படவில்லை" என்று மட்டும் போட்டிருந்தால், எவ்வளவு வரை அவர்களால் கண்டறிய முடியும் என்று கேளுங்கள். லிமிட் 0.1 என்றால் அவர்களின் கண்டறியும் அளவு அதைவிட நன்றாகக் கீழே இருக்க வேண்டும். டி.டி.எஸ்.ஸைவிட குளோரைடு அதிகமாக இருந்தால் அதுவும் நடக்காத காரியம், குளோரைடு டி.டி.எஸ்.ஸின் ஒரு பகுதிதான். மூன்று மாதமும் 36 என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. உயிருள்ள கிருமிகளால் ஓடும் பிளான்ட் மழை, வெயில், உற்பத்திக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

உலோகமோ பயோசைடோ (கிருமிக்கொல்லி) உள்ள தண்ணீரில் பி.ஓ.டி. மிகவும் குறைவாக வந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். கிருமிகள் நச்சில் செத்துப்போனாலும் ஆக்சிஜன் செலவாகாது. பல அளவில் நீர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிகம் நீர்க்க நீர்க்க பி.ஓ.டி. கூடிக்கொண்டே போனால் தண்ணீரில் நச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்த முறை இரண்டு பாட்டில் கூடுதலாக அனுப்புங்கள். ஒன்று அதே தண்ணீர், வேறு எண் போட்டு. இன்னொன்று சாம்பிள் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து ஊற்றிய வெறும் டிஸ்டில்டு வாட்டர். வழக்கமான பாட்டில், வேறு எண் போட்ட பாட்டில் இரண்டின் முடிவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும், டிஸ்டில்டு வாட்டர் சுத்தமாக வர வேண்டும். லேப்புக்கு என்.ஏ.பி.எல். (லேப்புகளின் தகுதியைச் சோதிக்கும் அமைப்பு) சான்று இருந்தாலும், நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சோதனையும் அந்தச் சான்றின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: போர்டு வண்டி கேட்டுக்கு வந்தால் அவுட்லெட்டில் போர்வெல் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். எனக்கு ஓசூர் பக்கம் கிராமம். மனசு ஒப்பவில்லை. வேலையும் வேண்டும்.
(பெயர், இடம் வேண்டாம்)

பதில்: ஓசூர்ப் பக்கம் என்றால் கெலவரப்பள்ளி அணையில் வரும் நுரையை நீங்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டிய பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் சேர்ந்து அங்கேதான் வருகிறது. உங்கள் மனம் ஒப்பாததற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது.

முதலாளியிடம் மனசாட்சியைப் பேசாமல் கணக்கைப் பேசிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 கிலோலிட்டர், சி.ஓ.டி. 400 என்றால் கால்வாயில் போவது 20 கிலோ. இன்னொரு 50 கிலோலிட்டர் போர்வெல் தண்ணீர் கலந்தால் எண் 200 ஆகும், கால்வாயில் போவது அதே 20 கிலோதான். கன்சென்ட்டில் நாளொன்றுக்கு இவ்வளவுதான் வெளியேற்றலாம் என்ற அளவும் இருக்கும். எண்ணைக் காப்பாற்றப் போய் அந்த அளவை மீறுவீர்கள். ஃப்ளோ மீட்டர் அதைப் பதிவு செய்யும். ஒரே மணி நேரத்தில் டி.டி.எஸ்., குளோரைடு, சி.ஓ.டி. எல்லாம் ஒன்றுபோல் பாதியானால் அனுபவமுள்ள அனலிஸ்ட் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். நான் வேலை பார்த்த லேப்பிலேயே அப்படிப் பலமுறை பிடித்திருக்கிறோம். 2024 கோடையில் இந்த ஊரில் போர்வெல்கள் வற்றி, ஜனங்கள் டேங்கர் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடச் சொல்வதைக் கேட்கவே எனக்குக் கோபம் வருகிறது.

லாக் புக்கில் உண்மையான நேரத்தையும் ரீடிங்கையும் மட்டும் உங்கள் கையால் எழுதுங்கள். வாயால் சொன்ன உத்தரவை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர யாரும் முன்வரமாட்டார்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: போர்டு அதிகாரி சாம்பிள் எடுத்து சீல் வைத்தபோது என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமா?
(ராஜாஜிநகர் வாசகர்)

பதில்: ஆகாது. இந்தத் தண்ணீர் இங்கே, இந்த நேரத்தில், என் முன்னால் எடுக்கப்பட்டது என்பதற்கு மட்டும்தான் அந்தக் கையெழுத்து. 1974-ஆம் வருடத்து தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு இதை விளக்கமாகச் சொல்கிறது. அதிகாரி அங்கேயே உங்களுக்கு நோட்டீஸ் தர வேண்டும். நீங்கள் கேட்டால் உங்கள் கண் முன்னால் சாம்பிளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாட்டிலிலும் அடையாளம் போட்டு, சீல் வைத்து, அவரும் நீங்களும் கையெழுத்திட வேண்டும். ஒன்று போர்டின் லேப்புக்குப் போகும். இரண்டாவதை, நீங்கள் கேட்டுக்கொண்டால், அரசின் தண்ணீர் லேப்புக்கு அனுப்ப வேண்டும். இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகாவிட்டால் அரசு லேப்பின் முடிவுதான் நிற்கும் என்று 22-வது பிரிவு சொல்கிறது. இரண்டாவது சோதனையின் செலவு உங்களுடையது.

வாயைத் திறந்து கேட்டால்தான் இது கிடைக்கும். கேட்காமல் நின்றால் ஒரே பாட்டிலோடு முடிந்துவிடும். அதிகாரி வரும்போது வேண்டுமென்றே வெளியே போய்விடுவதோ கையெழுத்து மறுப்பதோ உதவாது. அவர் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பச் சட்டம் அனுமதிக்கிறது. நின்று பாருங்கள். எந்த இடத்தில் எடுத்தார், எந்தப் பாட்டில், ஆசிட் விட்டாரா, ஐஸ் பெட்டி இருந்ததா, பி.ஹெச். அங்கேயே பார்த்தாரா என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். குறை இருந்தால் மரியாதையாக அப்போதே சொல்லி, மகஜரில் எழுதச் சொல்லுங்கள்.

அதே நிமிடத்தில், அதே இடத்தில் நீங்களும் ஒரு செட் பாட்டில் பிடித்து உங்கள் லேப்புக்கு அனுப்புங்கள். அதற்குச் சட்ட மதிப்பு இல்லை. ஆனால் உங்கள் எண் இரண்டு மூன்று நாளில் கைக்கு வந்துவிடும். போர்டு ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் எந்த டோசிங் பம்ப், எந்த டேங்க் என்று அன்றைக்கே தேடத் தொடங்கலாம்.